கடைக்கு அனுமதி கிடைத்தது. பால் வந்த வழிக்கு?

வன்னியில் மாடு இல்லாத ஊரைக் காட்டுவது கடினம். ஆனால் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை வீதியோரத்தில் இருக்கும் பலசரக்குக் கடைகளில் ஏறிப் பாருங்கள். அலுமாரியின் மேல்தட்டில் நியூசிலாந்துப் பால்மா வரிசையாக நிற்கும். அன்று காலை கறந்த பாலில் ஒரு போத்தல் கேட்டால், "விடியவே பால் எடுக்கிற வண்டிக்குப் போய்விட்டது" என்று பதில் வரும். சிறிய கடையொன்றை நடத்துகிற நானும் பல வருடங்களாக அதே பதிலைத்தான் சொல்லிவந்தேன்.

அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கியது பொருளாதார நெருக்கடிக் காலத்தில். 2021 இன் கடைசியில் பால்மா கிடைப்பதே அரிதாகிவிட்டது. 2022 மார்ச்சில் 400 கிராம் பைக்கற் 790 ரூபாவுக்குப் போனது. ஐம்பது ரூபாவுக்கு, நூறு ரூபாவுக்கு என்று பால்மாவைச் சிறு பொட்டலமாகக் கட்டித் தரும்படி கேட்டு வந்தார்கள். கேட்டவர்களில் ஒருத்தியின் வேலிக்குப் பின்னால் அயலவரின் நான்கு பசுக்கள் கட்டி நின்றன. அந்தப் பால் பவுசர் என்கிற தாங்கி வண்டியில் ஏறி வெளியூர் போகிறது. அவளுடைய பிள்ளைகள் கடல் கடந்து வந்த மாவுக்குக் காத்திருக்கிறார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பவுசர் ஒழுங்காக வந்து ஒழுங்காகக் காசு கொடுக்கிறது. மாட்டுப் பட்டிக்காரருக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் ஊர்ப் பாலில் ஒரு பங்கு ஊர்க் கடையில் நிற்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. பால் விற்கும் அனுமதிக்கு விண்ணப்பித்தது அதனால்தான்.

அனுமதி எதற்கு, தெரிந்தவர்களுக்கு உள்ளுக்குள் கொடுத்தால் போதாதா என்று வீட்டிலேயே கேட்டார்கள். அயலவர் அயலவருக்குப் பால் கொடுப்பது காலங்காலமாக நடப்பது. அதில் நான் தலையிட மாட்டேன். அங்கே மாட்டையும் தெரியும், கறக்கிறவரையும் தெரியும். கடையில் வாங்குகிறவருக்கு இந்த இரண்டும் தெரியாது. வீதியால் போகிற பஸ் சாரதி வாங்குவார், வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் ஆசிரியை வாங்குவார், பாட்டிக்கு மருந்து குடிக்க என்று ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்து வாங்கும். அவர்களுக்கு என் முகத்தைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை. முகம் உத்தரவாதம் ஆகாது என்பதால்தான் சட்டம் இருக்கிறது. பாலைச் சட்டத்துக்கு வெளியே விற்பதை நான் ஒருபோதும் விரும்பவில்லை.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இது ஒரே அலுவலகத்தில் முடிகிற காரியம் இல்லை. வியாபாரப் பெயரைப் பதிவு செய்வது பிரதேச செயலகத்தின் ஊடாக. வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரத்தைத் தருவது பிரதேச சபை. அதற்கான அதிகாரம் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலிருந்து வருகிறது. இடமும் ஆளும் உணவு விற்கத் தகுதியா என்று பார்ப்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். அவர் கையில் இருப்பது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம். அவர் மாதிரி எடுக்கலாம், அதை அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பலாம், தேவையென்றால் நீதவான் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம். வயதானவர்கள் சபைக்குப் போக வேண்டிய கடிதத்தைச் செயலகத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் நின்று திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். வாசலில் ஒருவர் உட்கார்ந்து வழி சொன்னாலே பாதி அலைச்சல் குறையும்.

ஏற்கெனவே பலசரக்குக் கடைக்கு அனுமதி இருக்கிறதே, பால் அதற்குள் அடங்காதா என்று சபையில் கேட்டேன். எங்கள் சபையின் உபவிதிகளில் பால் விற்பனை தனித் தலைப்பாகவே இருக்கிறது. எனவே தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனியாகப் பரிசோதனை நடக்க வேண்டும். இது நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். பருப்பு ஒரு மாதம் சாக்கில் கிடக்கும். பால் ஒரு காலையில் கெட்டுவிடும்.

படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், வியாபாரப் பெயர்ப் பதிவு எல்லாம் சுலபமாக முடிந்தன. எழுதுகோல் நின்ற இடம், கடை நிற்கும் காணிக்கான ஆதாரம்.

வன்னியில் காணி ஆதாரம் கேட்பது எப்படிப்பட்ட கேள்வி என்று வெளியூர்க்காரருக்கு விளங்குவது கடினம். எங்கள் கடை நிற்பது அப்பாவுக்குக் கிடைத்த பேர்மிற் காணியில். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம் அது. குளங்களை நம்பி உருவான குடியேற்றத் திட்டக் கிராமங்களில் இப்படிப்பட்ட காணிகளே அதிகம். அந்தப் பத்திரத்தை அம்மா இடப்பெயர்வு முழுவதும் ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றி, உடுப்பு மூட்டையின் அடியில் வைத்துத் தூக்கித் திரிந்தார். 2009 இல் மாத்தளனில் மூட்டையே இல்லாமல் போனது. செட்டிகுளத்து முகாமுக்குப் போனபோது எங்களிடம் இருந்தது உடம்பில் கிடந்த உடுப்பு மட்டும். ஊர் திரும்பிய பிறகு, பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் அப்பாவின் பெயர் இருந்ததால்தான் எங்கள் காணி எங்களுடையது என்று எழுத்தில் காட்ட முடிந்தது. அப்பா காலமானபின் அது அம்மாவின் பெயருக்கு வந்தது.

சபையில் அந்தப் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் பொறுமையானவர். "காணி அம்மாவின் பெயரில் என்றால் அவர் ஒரு சம்மதக் கடிதம் தரட்டும், அக்கா. கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திக் கையொப்பம் இட்டால் போதும்" என்றார். அம்மா கையொப்பம் இட உட்கார்ந்தபோது, "பால் விற்கவும் என் காணிக் கடதாசி வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டும், அம்மா.

எனக்கு அம்மா இருந்தார், பேரேட்டில் பெயர் இருந்தது. இரண்டும் இல்லாதவர்கள் என் ஊரிலேயே இருக்கிறார்கள். கணவரை இழந்து, அரச காணியில் தகரக் கொட்டில் போட்டு, இரண்டு மாடும் ஒரு பெட்டிக்கடையுமாக வாழ்கிற பெண்களைத் தெரியும். அவர்களுடைய கைகள் என் கைகளைவிடச் சுத்தமானவை. பாலின் தரத்துக்கும் காணி உறுதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இத்தனை வருடம் இந்த இடத்தில் இருக்கிறார் என்று கிராம உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்தால், வியாபார அனுமதிக்கு மட்டும் அதை ஏற்றுக்கொள்ளலாம். அதனால் காணிக்கு யாரும் உரிமை கோரிவிடப் போவதில்லை. இதைச் சபைகள் தீர்மானமாக எடுக்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அடுத்தது பரிசோதனை. ஒரு பரிசோதகர் பெரிய பரப்பைப் பார்க்க வேண்டியிருப்பதால் அவர் வருவதற்குக் காலம் எடுத்தது. டெங்கு பரவும் மாதமென்றால் அவரை எதிர்பார்க்கவே முடியாது. வந்தபோது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உடனே உள்ளே வரவில்லை. வாசலில் நின்று மூச்சை இழுத்தார். "மண்ணெண்ணெய் எங்கே வைத்திருக்கிறீர்கள், அக்கா?" என்று கேட்டார். பின்பக்கக் கதவோரம் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி வைக்க நாங்கள் ஒதுக்கியிருந்த மூலைக்கு நாலு அடி தள்ளி. "பால் மணத்தை இழுத்துக்கொள்ளும். கருவாடும் அந்தப் பக்கம் வேண்டாம்" என்றார். பிறகுதான் சுவர், நிலம், வலை அடித்த யன்னல், கை கழுவத் தொட்டி, கழிவுநீர் போகும் வழி எல்லாவற்றையும் பார்த்தார். கிணற்று நீரை மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். பாலைக் கையாளப் போகும் எனக்கும் என் கணவருக்கும் வைத்தியச் சான்றிதழ் வேண்டும் என்றார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த எண்ணை அவர் நம்பவில்லை. ஒரு குவளை தண்ணீரை உள்ளே இரவு முழுவதும் வைத்து, காலையில் வெப்பமானியை அதில் இட்டுப் பார்க்கச் சொன்னார். நான்கு பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். காற்றின் குளிரை அளப்பதைவிட நீரின் குளிரை அளப்பது சரியான முறை. பாலும் நீரைப்போலத்தான் மெதுவாகக் குளிரும்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு அவர் பேனாவை மூடவில்லை.

"பால் எங்கே இருந்து வருகிறது?"

"குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டியிலிருந்து, ஐயா."

"எத்தனை மணிக்குக் கறக்கத் தொடங்குவார்கள்? இங்கே எத்தனை மணிக்கு வந்து சேரும்?"

"ஐந்தரைக்குத் தொடங்குவார்கள். எட்டு மணிக்குள் வந்துவிடும்."

"எதிலே கொண்டு வருகிறார்கள்?"

பதிலை அவர் படிவத்தின் ஓரத்தில், குறுக்காக, சின்ன எழுத்தில் எழுதினார். ஓரத்தில் எழுதியதற்குக் காரணம், அந்தப் படிவத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. கடையின் சுவரைப் பற்றி, கூரையைப் பற்றி, எலி வரும் பொந்தைப் பற்றியெல்லாம் கேட்கும் படிவம், பால் கடைக்கு வந்து சேரும் வழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஓரக் குறிப்புத்தான்.

ஏனென்றால் வன்னியில் பால் கடைக்குள் கெடுவது குறைவு. கெடுகிற பால் வழியிலேயே கெட்டுவிடுகிறது.

பட்டி எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எங்கள் நாட்டு மாடு கன்றுக்கு விட்டது போக ஒரு லீற்றர், இரண்டு லீற்றர் தரும். ஒரு கேன் நிரம்பப் பல மாடுகள் கறக்க வேண்டும். கன்றை அவிழ்த்துவிட்டு, அது முட்டிப் பால் சுரக்க வைத்து, மீண்டும் இழுத்துக் கட்டி, பிறகு கறக்கிறார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் இதே வேலை. முதல் மாட்டின் பால் கடைசி மாடு கறந்து முடியும்வரை கேனில் காத்திருக்கிறது. ஆகவே கணக்கு தொடங்குவது வண்டி புறப்படும் நேரத்தில் இல்லை, முதல் மாட்டின் மடியில். இதைப் பலர் கவனிப்பதில்லை.

மடியிலிருந்து வரும் பால் மாட்டின் உடற்சூட்டில், 38 பாகைக்குக் கிட்ட இருக்கும். புதிதாகக் கறந்த பாலுக்குத் தன்னைத்தானே கொஞ்ச நேரம் காத்துக்கொள்ளும் இயற்கைத் தன்மை உண்டு. நம்முடைய வெப்பத்தில் அது ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். அதற்குப் பிறகு கிருமிகள் பெருகத் தொடங்கினால், சூடான பாலில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணிக்கு இரண்டு, ஒரு மணிக்கு நான்கு, இரண்டு மணிக்குப் பதினாறு, மூன்று மணிக்கு அறுபத்துநான்கு மடங்கு. குளிர்சாதனப் பெட்டி இந்தப் பெருக்கத்தை வெகுவாக மெதுவாக்கும். ஏற்கெனவே பெருகியதைக் குறைக்காது. தாமதமாக வந்த பாலை எவ்வளவு நல்ல பெட்டியில் வைத்தாலும் அது தாமதமாக வந்த பால்தான்.

பாத்திரத்தின் கதை இன்னும் மோசம். வன்னியில் பாலுக்குப் பரவலாகப் பயன்படுவது சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் பிளாஸ்டிக் கேன். மலிவு, மூடி இறுக்கம், மோட்டார் சைக்கிளில் கட்டச் சுலபம். ஆனால் அதன் கழுத்துக்குள் கை போகாது. உள்ளே தேய்க்க முடியாததால் அடியோரத்தில் மெல்லிய படலம் படிந்துவிடும். கழுத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாலே வழுக்கும். நேற்றைய பாலின் மிச்சம் இன்றைய பாலுக்கு உறைமோராகிவிடுகிறது. நாங்கள் எங்களுக்குப் பால் தரும் தம்பிக்கு, கை முழுவதும் போகிற அகன்ற வாய் எவர்சில்வர் கேன்கள் வாங்கிக் கொடுத்தோம். வெந்நீர் ஊற்றி, தேங்காய்ப் பொச்சு போட்டுத் தேய்க்காமல், நைலோன் தூரிகையால் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைக்கச் சொன்னோம். வரும்போது நனைத்த சாக்கால் சுற்றி வருவார். இந்தச் செலவு எந்த விண்ணப்பத்திலும் இல்லை. இதைச் செய்யாமல் என் கடைச் சுவருக்கு எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் பயன் இல்லை.

மாரியில் வழி இன்னும் நீளும். ஐப்பசியில் காலபோகத்துக்கு நெல் விதைத்த பிறகு வயல் பக்கம் மாட்டை விட முடியாது. மாசி, பங்குனியில் அறுவடை முடியும்வரை பட்டிகள் காட்டோரத்துக்குப் போய்விடும். மேய்ச்சல் தரை ஒதுக்கித் தாருங்கள் என்று பட்டிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கிடைக்காதவரை மாடு இன்னும் உள்ளே, இன்னும் தொலைவில். வெயில் காலத்தில் வண்டி ஓடும் தடம் மார்கழியில் சேறாகிவிடும். கேனைத் தோளில் வைத்து நடந்து, பிறகு வண்டியில் ஏற்றி வருவார்கள். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலையொட்டி வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பட்டியைக் காணப் போனவர்கள் வரிசையாகக் கிடந்த உடல்களைக் கண்டார்கள். அந்தச் சேதத்திலிருந்து எழுந்த ஒருவரிடம்தான் நான் "பால் நேரத்துக்கு வர வேண்டும்" என்று கேட்கிறேன். கேட்கும்போது அதை மறப்பதில்லை.

கடைக்கு வந்ததும் நான் செய்கிற பரிசோதனைகள் எளியவை. ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பாலும் அதே அளவு 70 வீத அற்ககோலும் ஊற்றிக் குலுக்குவேன். நல்ல பால் குழாயின் சுவரில் வழுவழுப்பாக வடியும். புளிக்கத் தொடங்கிய பால் மணல் ஒட்டியதுபோலச் சிறு திரள்களை விட்டுச் செல்லும். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிவதற்கு முன்பே இது காட்டிவிடும். அற்ககோல் தீர்ந்தால், ஒரு கரண்டிப் பாலை நெருப்பில் காட்டித் திரைகிறதா என்று பார்ப்பேன். பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியும் இருக்கிறது. பசுப்பாலில் அது பொதுவாக 28 முதல் 32 வரை காட்டும். தண்ணீர் சேர்ந்தால் இறங்கும். ஆனால் கறந்த சூட்டோடு அளந்தால் பால்மானி பொய் சொல்லும், பால் ஆறி நுரை அடங்க வேண்டும். கொழுப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டால் அளவு சரியாகவே நிற்கும். கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஊரில் பலர் பால்மானியை மட்டும் நம்பி, தண்ணீர் கலப்புதான் பாலுக்கு வரக்கூடிய ஒரே குற்றம் என்று எண்ணுகிறார்கள். அது பெரிய பிழை. தண்ணீர் கலந்த பால் காசைத் திருடும். அழுக்கான பால் பிள்ளையைப் படுக்கையில் போடும்.

ஒரு மழைநாளில் குழாயில் திரள் விழுந்தது. தம்பியின் முகம் மாறிவிட்டது. "அக்கா, பிள்ளைகள் மேல் சத்தியம், தண்ணீர் கலக்கவில்லை" என்றார். "நீங்கள் கலந்ததாக நான் சொல்லவில்லை, தம்பி. பால் வழியிலேயே புளிக்கத் தொடங்கிவிட்டது" என்று சொல்லி, குழாயை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அன்றைய நட்டத்தை இருவரும் பாதி பாதியாக ஏற்றுக்கொண்டோம். முழு நட்டத்தையும் அவர் தலையில் போட்டால், அடுத்த மழைநாளில் எனக்கு உண்மையான நேரத்தைச் சொல்லமாட்டார். நேரம் மறைக்கப்பட்டால் என் பரிசோதனைகளும் படிவமும் வெறும் கடதாசி. அதேபோல மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் கால்நடை வைத்தியர் சொன்ன நாள்வரை கேனில் சேர்ப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். அந்தப் பாலுக்கும் நாங்கள் காசு கொடுக்கிறோம், நிலத்தில் ஊற்றுவதற்கு. மருந்து கலந்த பாலை என் குழாய் கண்டுபிடிக்காது. சொல்லுகிறவரின் வாய்தான் அங்கே பரிசோதனை.

வீட்டிலேயே பாஸ்டர் முறையில் பதப்படுத்திப் பைக்கற்றில் அடைத்து விற்கலாமா என்றும் யோசித்தோம். 63 பாகையில் 30 நிமிடம் விடாமல் வைத்து உடனே குளிரவைப்பது இரண்டு பாத்திரத்தில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அப்படிச் செய்தால் நாங்கள் விற்பனையாளர் என்ற நிலையிலிருந்து உற்பத்தியாளர் என்ற நிலைக்குப் போய்விடுவோம். சுட்டுத்துண்டு (லேபல்), திகதி, தொகுதி இலக்கம் என்று விதிகள் தொடரும். இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பரிசோதகரும், விற்பது பச்சைப்பால் என்றால் அதை மறைக்காமல் எழுதிப் போடச் சொன்னார். பெட்டிக்கு மேலே பெரிய எழுத்தில் "பச்சைப்பால். நன்றாகக் காய்ச்சிக் குடிக்கவும்" என்று பலகை தொங்குகிறது. எழுத்து வாசிக்காத ஆச்சிமாருக்கு வாயாலும் சொல்கிறேன். அவர்கள், "காய்ச்சாமல் யார் பிள்ளை குடிக்கிறது?" என்று என்னைக் கடிந்துகொள்கிறார்கள். நல்லது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட நாளில் பால் விற்கவே கூடாது. இப்போது வருகிற தடை சிறியது, மழைக்கும் காற்றுக்கும் கிளை முறிந்து விழும்போது. உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல்களைக் கேனைச் சுற்றி அடுக்கி, கதவைத் திறக்காமல் வைத்தால் தாங்கும். திறக்காமல் வைப்பது என்றால் அந்த நேரத்தில் விற்பனை இல்லை.

அளவும் ஒரு சங்கடம். எங்கள் ஊர் பாலைப் போத்தலில்தான் கணக்கிடும். போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். விலைப்பலகையில் லீற்றர் கணக்கு. அளக்கும் பாத்திரத்துக்கு அரச முத்திரை வேண்டும். முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது, பிறகு பழகிவிட்டது.

கட்டணம் யாரையும் தடுக்காது. பிரதேச சபைகள் சட்டம் எழுதப்பட்டபோது அனுமதிக் கட்டணத்துக்கு வைத்த உச்ச எல்லை, இடத்தின் வருடாந்தப் பெறுமதியைப் பொறுத்து, ஆயிரம் ரூபா. குளிர்சாதனப் பெட்டியும் எவர்சில்வர் கேன்களும் சீமெந்து நிலமும்தான் செலவு. அதைவிடப் பெரிய செலவு, ஒரு கடிதம் வரும்வரை இன்னொரு கடிதம் நகராமல் கிடந்த நாட்கள். மூன்று அலுவலகங்களும் மாதத்தில் ஒரு நாள் ஒரே மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால், காணிக் கடிதமும் பெயர்ப் பதிவும் பரிசோதனைத் திகதியும் ஒரே முற்பகலில் முடியும். நடமாடும் சேவை என்று அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடப்பதைப் பார்த்துவிட்டோம். வியாபாரம் செய்ய விரும்புகிற பெண்களுக்கும் அதைச் செய்யுங்கள்.

இரண்டாவது வேண்டுகோள் அந்தப் படிவத்தைப் பற்றியது. பரிசோதகர் ஓரத்தில் எழுதியதை நடுவில் கொண்டுவாருங்கள். பால் தருபவர் யார், முதல் மாடு கறக்கும் நேரம் என்ன, கடைக்கு வரும் நேரம் என்ன, எந்தப் பாத்திரம், மழைக்காலத்தில் எந்த வழி. நான்கைந்து வரி போதும். கடைக்காரருக்கு இது பாரமாகாது. இந்த விபரங்கள் தெரியாதவர் பால் விற்கவே கூடாது. அகன்ற வாய்க் கேனுக்குச் சபையோ கால்நடைத் திணைக்களமோ சிறு மானியம் கொடுத்தால், அந்த வரிகளுக்கு நல்ல பதில்களும் தானாக வரும்.

அனுமதிப்பத்திரம் எனக்குக் கிடைத்துவிட்டது. சட்டகத்தில் போட்டுக் காசு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். அது டிசம்பர் 31 ஆம் திகதியோடு முடிகிறது. ஜனவரியில் புதுப்பிக்க வேண்டும். நாட்காட்டியின்படி அது சரி. ஆனால் புதுப்பிப்புக்கான பரிசோதனை வேலைப்பளுவால் பின்போடப்பட்டு, அறுவடை முடிந்து, மாடுகள் ஊர் வயலில் நிற்கும் நாட்களில் நடந்தால், பரிசோதகர் காண்பது வருடத்தின் மிகச் சுலபமான பாலை. அரை மணியில் கடைக்கு வந்துவிடும் பால் அது. என்னுடைய கடையை அப்போது பார்க்க வேண்டாம். மார்கழியில், தடம் சேறாகக் கிடக்கும்போது, காலை ஏழரைக்கு வாருங்கள், ஐயா. கேன் வந்து இறங்கும்போது வெப்பமானியை அதில் இட்டுப் பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த வருடத்துக்குத் தருவதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.